எரிகாட்டில் அடைக்கோழி

ஹில்க்காவின் பூட்ஸ் இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் பெட்டையை மிதித்திருக்கும். பைன் மரத்தடியில், புளூபெர்ரிப் புதருக்குள், காய்ந்த சருகின் நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது. மெட்ஸோப் பெட்டை. இந்தக் காட்டின் பெரிய கோழியினம் அது. சேவல் கருகருவென்று ஆடம்பரமாகத் திரியும், பெட்டை மண்ணோடு மண்ணாக இருந்து குடும்பம் நடத்தும். ஆள் வந்து நின்ற பிறகும் அது எழுந்து ஓடவில்லை. ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டால் பெட்டை அப்படித்தான். நரி வந்தாலும் நகராது, மழை கொட்டினாலும் நகராது. நெருப்பு வந்தாலும் நகராமல் இருப்பதுண்டு. வேறொரு எரிகாட்டில் சாம்பலுக்கு நடுவே அப்படி உட்கார்ந்தபடியே கருகிப்போயிருந்த ஒன்றை ஹில்க்கா பார்த்திருக்கிறாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னும் சற்று நேரத்தில் இந்தக் காட்டுக்குத் தீ வைக்கப் போகிறவள் அவள்தான். ஏரிக்கரையிலிருந்து, நெருப்பு தாண்டாதபடி வெறும் மண் தெரியச் சீவிவிட்ட கிழக்குக் கோடு வரைக்கும் இன்று எரிய வேண்டும். எத்தனையோ தலைமுறையாக நெருப்பையே காணாத காடு. பைன்களுக்கு அடியில் ஸ்புரூஸ் மரங்கள் மண்டி, வெளிச்சம் தரைக்கு வருவதே நின்றுபோயிற்று. கருகிய மரத்தில் மட்டுமே பிழைக்கத் தெரிந்த வண்டுகள், எரிந்த மண்ணில் மட்டுமே முளைக்கிற செடிகள் எல்லாம் அற்றுப்போகிற நிலையில் இருந்தன. இதையெல்லாம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காபியும் பன்னும் கொடுத்து அவள் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர், "நெருப்ப அணைக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்னு இல்ல நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கிழக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய இளம் பைன்கள் நின்றன, அதற்கும் அந்தப் பக்கம் வீடுகள். ஒரு பொறிகூடக் கோட்டைத் தாண்டாது என்று அன்று எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தாள்.

ஒரு கோடையை மழை தின்றது. அடுத்த கோடையில் நாடே காய்ந்து கிடந்ததால் தீக்குச்சி கிழிக்கவே தடை. இந்தக் கோடையிலும் நடக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக வனத்துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் ஏரியிலிருந்து மெல்லிய காற்று வருகிறது, மேல்பாசி காய்ந்திருக்கிறது, அடிமண்ணில் ஈரமும் இருக்கிறது. இப்படி ஒரு காலை கூடி வருவதே அபூர்வம். அது கூடி வந்த அன்றைக்கா இந்தப் பெட்டை கண்ணில் பட வேண்டும் என்று ஹில்க்காவுக்கு அழுகை முட்டியது. எரிச்சலாகவும் இருந்தது.

"என்ன தலைவி, கல்லாச் சமஞ்சு நிக்கற?"

உர்ஹோதான். ஊர்த் தீயணைப்புக் குழுவில் முடி நரைத்தவர், பெயர்போன வேட்டைக்காரர். முதுகில் தண்ணீர்ப் பம்பும் தோளில் மண்வெட்டியுமாக வந்தார். அவள் தரையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அடிப்பாவி, ஊரெல்லாம் காடு கெடக்க உனக்கு இங்கதானா எடம் கெடச்சுது."

"முட்டைய எடுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சா?"

"வெக்கலாம். அவ வரமாட்டா. ஆம்லெட் போட்டுக்கலாம்."

"யார்க்கோகிட்ட சொன்னா நிறுத்தச் சொல்லுவான்."

யார்க்கோ உயிரியல்காரன், வண்டுகளுக்காகவே இந்த நாளை எதிர்பார்த்துக் கிடந்தவன். ஆனால் விதி என்றால் விதிதான் அவனுக்கு. கூடு இருக்கிறது என்று தெரிந்தால் தன் வண்டுகளையும் விட்டுக்கொடுத்துவிடுவான்.

"சொல்லாத," என்றார் உர்ஹோ. "ஒத்தக் கோழி. என் ஆயுசுல எத்தனையச் சுட்டிருப்பேன்."

"இலை உதிர்ற காலத்துல சுட்டீங்க. அடையில இருக்கறதச் சுட்டிருக்கீங்களா?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, பெட்டையிலிருந்து நான்கு எட்டு தள்ளி மண்வெட்டியைப் போட்டார். புதரையும் பாசியையும் சீவித் தள்ளி, வெறும் மண் தெரிகிறவரை கொத்தினார். அவள் தன் மண்வெட்டியால் இன்னொரு பக்கமிருந்து கொத்தி வந்தாள். மரத்தையும் பெட்டையையும் சுற்றி ஒரு வட்டம் முடிந்ததும் பம்பிலிருந்த தண்ணீரை உள்ளே முழுக்க அடித்தார்கள். தண்ணீர் பெட்டையின் முதுகிலும் விழுந்தது. அது இறகைக்கூட உதறவில்லை.

இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. "ஹில்க்கா, காத்து பிரமாதமா இருக்கு. எங்க இருக்கீங்க?" யார்க்கோவின் குரல்.

"கோட்டப் பாத்துட்டு வரேன். எல்லாம் சரியா இருக்கு."

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாதுதான். ஆனால் 'எல்லாம்' என்ற அந்த ஒரு சொல் சுட்டது. உர்ஹோ அவள் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காற்றுக்கு எதிராக நெருப்பை நடத்த வேண்டும் என்பதால் கிழக்குக் கோட்டிலிருந்துதான் பற்றவைப்பது. பெட்டை இருந்த மூலையை ஹில்க்கா வேறு யாருக்கும் விடவில்லை. எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் ஊற்றும் குடுவையைச் சாய்த்தபடி கோட்டோரமாக நடந்தாள். எதிர்காற்றில் நெருப்பு முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் புதரைக் கடித்துக் கடித்து நகர்ந்தது. இந்த மூலைக்கு முதலில் வைத்தால் மெல்ல வரும், பெட்டைக்கு யோசிக்க நேரம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெட்டை யோசிக்காது என்பதும் தெரியும். வட்டத்தை நெருப்பு எட்டியபோது புகை இறங்கி மூடிக்கொண்டது. பக்கத்தில் ஒரு ஸ்புரூஸ் அடி முதல் நுனிவரை ஒரே மூச்சில் பற்றியது. அந்த இரைச்சலுக்குள் படபடவென்று ஒரு சத்தம் கேட்டது. சிறகாக இருக்கலாம், பிசின் வெடித்ததாகவும் இருக்கலாம். நின்று பார்க்க வழியில்லை. அவளுக்குப் பின்னால் ஆட்கள் அடுத்த வரிசைக்குக் காத்திருந்தார்கள்.

பிற்பகலில் காடு கறுத்துக் கிடந்தது. பைன்கள் அடிமரம் கரிந்தும் தலை பச்சையாகவும் நின்றன, நினைத்தபடியே. ஒரு பொறியும் கோட்டைத் தாண்டவில்லை. குழுவினர் தணலில் சாசேஜ் சுட்டுக் கடுகுச் சாந்து தடவித் தின்றார்கள். யார்க்கோ முகமெல்லாம் கரியாக ஓடி வந்து கையை விரித்தான். உள்ளங்கையில் கறுப்பு வண்டு ஒன்று ஊர்ந்தது. மரம் புகைந்துகொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிட்டிருந்தது.

"விருந்தாளி வந்தாச்சு. நீங்க அனுப்பிச்ச அழைப்புதான்," என்றான். அவன் கண்ணில் நீர் நின்றது, புகையால் மட்டும் அல்ல. அவன் சந்தோஷத்தை நேராகப் பார்க்க ஹில்க்காவுக்குக் கூச்சமாக இருந்தது. தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

இனி இருப்பது மிச்ச நெருப்பை அவிக்கிற வேலை. கையுறையைக் கழற்றிப் புறங்கையால் தரையைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். சுட்டால் கொத்தித் தண்ணீர் விட வேண்டும். கண்ணை நம்பக் கூடாது, வேருக்குள் பதுங்கிய கங்கு மண்ணுக்கடியிலேயே போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் தலை நீட்டும். அவள் தொட்டுக்கொண்டே வட்டத்துக்கு வந்தாள். ஒரு பக்கம் மண்கோட்டைத் தாண்டி உள்ளே கொஞ்சம் கருகியிருந்தது. மீதி பச்சை. பெட்டை இல்லை. இறகு இல்லை, எலும்பும் இல்லை. முட்டைகள் மட்டும் குழிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அவள் மண்டியிட்டு ஒரு முட்டையின் மேல் புறங்கையை வைத்தாள். பின்னால் உர்ஹோ வந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு."

"அவ வந்து உக்காந்துட்டுப் போன சூடா, நெருப்போட சூடா?"

கையை எடுக்காமல் இருந்தாள். எத்தனையோ எரிகாடுகளில் சூட்டுக்கும் கணகணப்புக்கும் வித்தியாசம் சொன்ன கை, இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

"ஆளுங்கள மேற்குப் பக்கம் கூட்டிட்டுப் போங்க," என்றாள். "இங்க நடமாட்டம் இருந்தா அவ வரமாட்டா."

"கிழக்குக் கோடு இது. அந்தப் பக்கம் என் தங்கச்சி வெச்ச கன்னுங்க நிக்குது."

"தெரியும். நான் உக்காந்து பாத்துக்கறேன்."

"பாத்தாப் பத்தாது பொண்ணே. தொட்டுப் பாக்கணும்."

சொன்னாரே தவிர, முதுகுப் பம்பை இறக்கி அவளருகே வைத்துவிட்டுத்தான் போனார். ஆட்களை அதட்டி அழைத்துக்கொண்டு போகும் அவர் குரல் கொஞ்ச நேரம் கேட்டது.

ஹில்க்கா பம்பை மாட்டிக்கொண்டு கோட்டோரக் கல்லில், வட்டம் கண்ணில் படுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். கொசுக்கள் திரும்பி வந்துவிட்டன. தட்டினால் கை அசையும் என்று கடிக்க விட்டாள். வடக்குக் கோடை மாலை, வெளிச்சம் குறைவதாகவே இல்லை. முதுகுக்குப் பின்னால் ஊரில் யாரோ சவுனா என்னும் நீராவிக் குளியலுக்கு விறகு பிளக்கும் சத்தம். நான் கொடுத்த வாக்கு அங்கே, நான் சொன்ன பொய் இங்கே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வந்து தொலையேன் என்று பெட்டையை மனதுக்குள் கெஞ்சினாள்.

சதுப்போரம் எரியாமல் நின்ற குட்டைப் புதர்களுக்கிடையே பழுப்பாக ஏதோ தெரிந்தது. அடிக்கட்டையாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி பார்த்தபோது அது வட்டத்துக்குச் சற்றே நெருங்கியிருந்தது போலிருந்தது. அதே நேரம் வட்டத்தின் இந்தப் பக்க ஓரத்தில், பைனின் வேர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், நூல் போல் புகை கிளம்பியது. கோடு அங்கிருந்து பத்தடிதான். எழுந்து போய்க் கொத்தினால் பழுப்பு திரும்பி ஓடிவிடும். பம்பின் கைப்பிடியை இறுகப் பற்றினாள். நூல் கயிறாகத் தடித்துக்கொண்டிருக்க, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழுப்பையே பார்த்தாள். அது ஒரு காலைத் தூக்கியபடி, சாம்பல் விளிம்பில் நின்றது.