ஒப்பாரிக்கு எண்பத்திரண்டு

பாஞ்சாலி அத்தை மார்பில் அடித்துக்கொண்டு முதல் அடியை எடுப்பதற்குள் பாஸ்டர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கம்மா. கிறிஸ்தவ அடக்கத்துல ஒப்பாரி வேணாம். பாட்டுப் புஸ்தகம் கீது."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மதம் மாறிய தம்பியின் வீட்டில் முப்பது வருஷமாக ஒதுங்கி உட்காரப் பழகியவள். எழுந்து சுவரோரம் போனாள்.

சுலோச்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியில் கிடக்கும் அப்பா கடைசியாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான். "அக்கா பாடணும்மா. பாடாம என்னைத் தூக்காதீங்க" என்று நேற்று மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னார்.

லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் கிரேக்கம் நடத்தியவர் அப்பா, தேவசித்தம் வாத்தியார். "நம்ம ஜனம் எப்படி அழுவுதுன்னு தெரியாதவன் இன்னா பாஸ்டரு?" என்று கமிட்டிக்குக் கமிட்டி மல்லுக்கட்டினார். இழுத்தடித்து இழுத்தடித்து எழுபத்தொன்பதில் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். கிரேக்கம் விருப்பப் பாடமாயிற்று. கிராமத்துச் சாவுச் சடங்கும் ஒப்பாரியும் எட்டாம் தாளாக வந்தன. புதுப் பாடத்துக்கு இளம் ஆசிரியர்கள் வேண்டுமாம். ஒரு மாலையைப் போட்டு, திட்டம் எழுதிய மனுஷனையே சொந்த ஊர் உத்திரமேரூருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். வெட்கங்கெட்டவர்கள். அவரோ, "தாள் வந்துச்சில்ல, போதும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் சுலோச்சனாவுக்கு இன்றும் எரிச்சல்தான்.

பாஸ்டரிடம் போனாள். படிப்பை முடித்து இந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன்.

"நீங்க எட்டாம் தாள் படிச்சவர்தானே?"

"ஆமாக்கா. ஐயா எழுதுன நோட்ஸ்தான். ஒப்பாரில எண்பத்திரண்டு மார்க்கு." பெருமையாகவே சொன்னார்.

"அப்புறம் ஏன் அத்தைய நிறுத்தினீங்க?"

"அது பரீட்சைக்குக்கா." குரலைத் தாழ்த்தினார். "சபை மூப்பருங்க பார்த்துக்கினு கீறாங்க. என்னை இன்னும் நிரந்தரம் பண்ணல."

இதற்காகவா அப்பா அத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தினார்? அவள் அத்தையிடம் திரும்பினாள். "நீ பாடு அத்த."

"வேணாம் கண்ணு. உனக்குத்தான் பேஜாரு."

சுலோச்சனா பெட்டியருகில் உட்கார்ந்தாள். புத்தகம் பார்க்காமல் நூறு கீர்த்தனை பாடுவாள். ஒப்பாரி ஒன்றுகூடத் தெரியாது. மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டாள்.

"என்னப் பெத்த அப்பா..."

அடுத்த அடி வரவில்லை. மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் முறையும் அங்கேயே நின்றாள். மூப்பர் ஒருவர் செருமினார்.

பாஸ்டர் குனிந்து, பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு எடுத்துக்கொடுத்தார்: "நெத்திப் பொட்டழிஞ்சு நிக்கிறேனே..."

"அய்ய!" சுவரோரத்திலிருந்து அத்தை பாய்ந்து வந்தாள். "அது புருசனுக்குப் பாடுறது! நகருங்க அந்தாண்ட."

தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பிக்கு உண்டானதை முதலிலிருந்து எடுத்தாள். பாஸ்டர் மூப்பர்கள் பக்கம் திரும்பாமல் நின்றார்.