திருவிருந்துக்கு எழாதவள்

வால்டன்பிருக்கில் பதினான்கு வயதான எந்தப் பெண்ணும், பன்றி மேய்ப்பவன் மகளாகவே இருந்தாலும், குருத்தோலை ஞாயிறன்று கறுப்பு உடுத்திப் போதகர் முன்னால் மண்டியிடுவாள். அவர் தலையில் கை வைப்பார். சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் சடங்கு முடிந்தது. அதே வாரத்துப் பெரிய வியாழனிலிருந்து அவளும் அப்பமும் ஒயினும் தரும் திருவிருந்துக்கு எழுந்து போகலாம். ஊரில் அந்தக் கை படாமல் வளர்ந்த தலை ஒன்றே ஒன்றுதான். நாட்டை ஆளும் பிரபுவின் மகள் ஹெட்விக்கின் தலை. அவளுக்கு வயது இருபத்தாறு.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: வியாபாரம். நாடு என்று சொல்வதே அதிகம். காலையில் குதிரை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு எல்லையைத் தாண்டிவிடலாம். விற்பதற்கு மரமும் கொடுப்பதற்குப் பெண்களும்தான் லூடோல்ஃப் பிரபுவிடம் இருந்தன. மாப்பிள்ளை லுத்தரனாக இருக்கலாம், கத்தோலிக்கனாக இருக்கலாம், ருஷ்யாவிலிருந்தும் வரலாம். பெண் எந்தச் சபை என்று முன்னாலேயே முடிவாகிவிட்டால் மற்ற வாசல்கள் அடைபட்டுப் போகும். "வெள்ளைத் துணியாவே இருக்கட்டும். வாங்குறவன் வேணும்கிற சாயத்துல முக்கிக்கட்டும்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். துணி அதே மேசையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கும்.

அக்கா பௌலினாவை அப்படித்தான் ருஷ்யச் சாயத்தில் முக்கினார்கள். அங்கே எண்ணெய் பூசி, பெயரையும் மாற்றினார்கள். அதன்பின் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்தாள். அந்த ஞாயிறு கோயிலில், பிரபு குடும்பத்துக்கென்று தடுப்பு வைத்த பெஞ்சில் வேறு சபைக்குப் போய்விட்ட அக்காவும் எந்தச் சபையிலும் சேராத தங்கையும் உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் அப்பாவின் கையைப் பிடித்துப் பீடத்துக்குப் போனாள். "ஒரு தடவையாவது திரும்பிப் பாக்கறாங்களா பாரு" என்றாள் பௌலினா. அம்மா திரும்பவில்லை.

ஹெட்விக்குக்குக் கல்யாண ஆசை விட்டுப்போய்ப் பல வருஷம். அவள் ஏங்கியது ஒன்றுக்குத்தான். அம்மாவின் பக்கத்தில் மண்டியிட வேண்டும். சமையற்காரிக்கும் குதிரைக்காரனுக்கும் கிடைக்கிற அந்த மெல்லிய அப்பம் தன் நாக்கில் கரையும்போது அம்மாவின் தோள் தன் தோளில் பட வேண்டும். சின்ன வயதில் அம்மா அவளைத் தூக்கியதில்லை, அதற்கெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். காலையில் அம்மாவின் கைக்கு ஒரு முத்தம், இரவில் தன் நெற்றிக்கு ஒரு முத்தம், அவ்வளவுதான். அத்தனை அறைகள் உள்ள அரண்மனையில் தாயும் மகளும் ஒட்டி உட்கார ஓர் இடம் கிடையாது. பீடத்தின் படி ஒன்றுதான் குறுகலானது.

இந்தக் குளிர்காலத்தில் அம்மாவின் நெஞ்சில் கட்டிய சளி இறங்கவே இல்லை. அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் வைத்தியர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

நாய்களுக்கு எலும்பு போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஹெட்விக் போய் நின்றாள்.

"எனக்குத் திடப்படுத்தல் வேணும்ப்பா. இந்தக் குருத்தோலை ஞாயிறே."

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு ஒரு பிரபு வருகிறார், கத்தோலிக்கர், மனைவியை இழந்தவர், நல்ல காடு இருக்கிறது, அதுவரை பொறு என்றார் அவர்.

"போன வருஷமும் ஒருத்தர் வர்றாருன்னீங்க."

"வந்தாருல்ல?"

"வந்து மான் சுட்டுட்டுப் போனாரு."

அப்பா அடுத்த எலும்பை எடுத்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிறு காலை அவள் கறுப்பு உடையை எடுக்கச் சொன்னாள். பணிப்பெண் டோர்ட்டேக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொக்கிகளை மாட்டிக்கொண்டே, "இளவரசிம்மா, அந்தப் பசங்க வரிசையில நீங்க நின்னா கோழிக்குஞ்சுங்க நடுவுல கொக்கு நிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

"நிக்கட்டும். கொக்குக்கும் பசிக்கும்ல."

வரிசையின் கடைசியில் போய் மண்டியிட்டாள். கோயில் முழுக்கக் கிசுகிசுப்பு ஓடி அடங்கியது. போதகர் ரோரிக் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் வீடு, விறகு, மகனின் படிப்பு எல்லாம் பிரபு கொடுத்தவை. ஒவ்வொரு தலையாகக் கை வைத்துக்கொண்டு வந்தவர் அவள் முன்னால் நின்றார். கை உயர்ந்தது. தடுப்புக்குப் பின்னாலிருந்து அப்பா ஒருமுறை இருமினார். அங்கியின் ஓரம் அவள் நெற்றியை உரசிவிட்டுப் போனது. கை படவில்லை.

அன்று மதியம் யாரும் அவளைத் திட்டவில்லை. அப்பா நாய்களைப் பற்றிப் பேசினார். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்விக்குக்குக் கோபம் அப்பா மேல் இருந்ததைவிட அந்தக் குனிந்த தலை மேல்தான் அதிகம்.

பெரிய வியாழனன்று அம்மாவை நாற்காலியோடு கோயிலுக்குத் தூக்கி வந்து, தடுப்புக்குள் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நேரம் வந்ததும் அப்பா எழுந்து கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"முட்டி வலிக்குது."

"ரெண்டு பேர் தாங்கிப் பிடிப்பாங்க. எழுந்திரு."

"நீங்க போங்க. நான் ஹெட்விக்கோட இருக்கேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஆளும் குடும்பம் எழாமல் ஊர் எழக்கூடாது என்பது வழக்கம், அதனால் கோயிலே மூச்சடக்கி இருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது. போதகர் அப்பத் தட்டோடு நின்றார். அப்பா கழுத்துவரை சிவந்து, தனியாக நடந்து போனார்.

ஹெட்விக் பதறிப்போனாள். அவள் கேட்டது இதை அல்ல. "போங்கம்மா. அடுத்த வருஷம் உங்களுக்கு..." என்றாள்.

"பௌலினா வந்தப்போ திரும்பிப் பாக்கணும்னுதான் இருந்துச்சு" என்றாள் அம்மா. "பாத்திருந்தா பீடத்துக்குப் போயிருக்க மாட்டேன். அதான் பாக்கல."

இருவருக்கும் நடுவே குடும்பச் சின்னம் தைத்த மெத்தை ஒன்று எப்போதும் இருக்கும். அம்மா அதைத் தரையில் தள்ளிவிட்டு நகர்ந்து வந்து சாய்ந்தாள். பறவை எடைகூட இல்லாத தோள். சமையற்காரி பீடத்துக்குப் போனாள். குதிரைக்காரன் போனான். கறுப்பு உடைப் பிள்ளைகள் போனார்கள். ஒயின் வாசனை பெஞ்சுவரை வந்தது.

"அது எப்படிம்மா இருக்கும்? ருசி?"

"ஒண்ணும் இருக்காதுடி. காகிதத்தை மெல்லுற மாதிரி."

"பொய் சொல்றீங்க."

"ஆமா" என்றாள் அம்மா.