சிரித்தால் பெரிய எழுத்து

1

கணவருக்கு வந்த நோயை மனைவி மறைக்கப் பார்த்த நேரத்தில் அதை உள்ளங்கை அகல எழுத்தில் போட்டுக் காட்டியவன் நான். இந்தக் கதை அங்கிருந்து வருகிறது.

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டர். முகத்தைப் பார்த்து மனநிலையை ஊகிக்கும் திரை ஒன்றை அங்கே வைத்தார்கள். எதிரே நிற்பவர் கலங்கியிருந்தால், ‘டாக்டரைப் பாருங்கள்’ என்று சின்னதாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். தெம்பாக இருந்தால் முடிவு முழுவதையும் காட்டும். அதற்குத் தமிழ் எழுதிக் கொடுத்தவன் நான். நான்கு கதை எழுதியிருக்கிறேன், நாற்பது பேர் படித்திருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

2

எங்கள் வெயிலில் எல்லோருமே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்போம். சோதனையின்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரையும் கோபக்காரர்கள் என்றது திரை. சென்டர்காரர்களிடம் நான் யோசனை சொன்னேன்: “இந்த ஊர்ல ஒருத்தர் சிரிச்சா நெசமாவே நல்லாருக்காருன்னு அர்த்தம் சார். சிரிச்சா எல்லாத்தையும் காட்டிரலாம். பெரிய எழுத்துலயே.”

கைதட்டினார்கள்.

(ஆபரேஷனுக்குப் போகிறவர்கூட, பார்க்க வந்தவரிடம் ‘வாங்க, சாப்ட்டீங்களா’ என்று சிரிக்கிற ஊர் இது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது எப்படி மறந்தது? இதை அடைப்புக்குறிக்குள்தான் கேட்க முடிகிறது.)

3

அவள் விழிகளில் ஆயிரம் சோகங்கள்

[வேண்டாம். ஆயிரத்தை எண்ணியது யார்?]

மீன்சுருட்டி கண்ணகி அக்கா, கணவர் ராசாங்கத்தை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவருடைய ஸ்கேன் முடிவைப் பார்க்கத் தனியாகத் திரைமுன் வந்தார். ராசாங்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். மூன்று மாதமாக இருமல். என் வாக்கியங்கள் வேலை செய்யும் அழகைப் பார்க்க நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி.

“என்னடி, ஒன்னய மட்டும் போட்டோ புடிக்குது?” பின்னாலிருந்து ராசாங்கத்தின் குரல். எழுந்து வந்துவிட்டார்.

“ஒக்காருங்கன்னா கேக்கவே மாட்டீங்களா?” அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். அதே சிரிப்போடு திரைப்பக்கம் திரும்பினார்.

திரை அந்தச் சிரிப்பை நம்பியது.

‘நுரையீரலில் புற்றுநோய். பரவியுள்ளது.’

அக்கா இரண்டு கையாலும் மறைத்தார். கை போதவில்லை.

“என்னவாம்?”

“சளிதானாம். வாங்க போவலாம்.”

4

இந்த இடத்தில் எழுத்தாளனுக்குச் சில வசதிகள் உண்டு.

முதல் முடிவு: சரியாக அந்த நொடியில் கரண்ட் போகிறது. (பெரம்பலூர்க்காரர்கள் நம்புவார்கள். ஆனால் அன்று போகவில்லை.)

இரண்டாவது: ராசாங்கம் படிக்கவே இல்லை. அவருடைய கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். இந்த முடிவைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமாக நான்

[வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.]

ராசாங்கம் ஆடியில் இறந்துபோனார். ‘அவர் படித்தாரா, இல்லையா? வாசகரே முடிவு செய்யட்டும்’ என்று எழுதிக் கதையை முடித்துவிட்டேன். நல்ல உத்தி. பழியில் பாதி உங்களுக்கு.

5

கதையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் மீன்சுருட்டிக்குப் போனேன். அது மூன்றாவது தடவை. முதல் தடவை, அவர் படித்தாரா என்று கேட்டபோது அக்கா, “டீ குடிக்கிறீங்களா?” என்றார். அடுத்த தடவை, “என்னா வெயிலு பாத்தீங்களா?” என்றார். இந்தத் தடவை நான் எதுவும் கேட்காமல் கதையை முழுசாகப் படித்துக் காட்டினேன். கண்ணாடி வந்த இடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“கண்ணாடி பொடி எழுத்துக்குத்தான் தம்பி. லாரி ஓட்டுன மனுசன், பர்லாங்கு தூரத்துல நிக்கிற போர்டப் படிப்பாரு.”

நான் தாளை மடித்தேன்.

“படிச்சிட்டாரு. கடைசியா ஆஸ்பத்திரில கெடந்தப்பதான் எங்கிட்டச் சொன்னாரு. நான் பயந்துருவேன்னு, அன்னைக்கி பஸ்ஸுல வூடு வந்து சேர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தாரு.”