தம்பிக்குத் தங்கை

அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். வயது முப்பத்தெட்டு. கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் அங்கேயே தைத்த சட்டைகளைச் சரிபார்ப்பவன், வயது முப்பது. அவனுடைய அம்மா கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினாள்.

"என் பையனவிட நீ மூத்தவள்னு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. கேட்டா இருபத்தெட்டுன்னு சொல்லு."

"என் தம்பியப் பாத்தாலே தெரிஞ்சிடுமே அத்தை. அவனுக்கே முப்பத்திரண்டு."

"அப்ப அவன் உனக்கு அண்ணன். அப்படியே கூப்பிடு."

தம்பி ஏசி மெக்கானிக். நாலு வயதில் தாயை இழந்தவனுக்குச் சோறூட்டியவள் அவள்தான். அவன் படிக்க வேண்டுமென்று பதினாலு வயதில் மெஷினில் உட்கார்ந்தாள். அவன் தலையெடுக்கும்வரை தன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

"என்னக்கா கூத்து இது!" என்று முதல் நாள் தம்பி வயிறு வலிக்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள். "வாங்கண்ணா" என்றாள். அவன் மீசையை முறுக்கினான்.

கல்யாணம் முடிந்தபின் அந்த வீட்டில் அவனுக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. உள்ளே வந்தால் மாப்பிள்ளை, "வாங்க மச்சான்" என்று எழுந்து நிற்பான். இரண்டே மாதத்தில், "ஏய், தண்ணி கொண்டா" என்ற அதிகாரம் தம்பியின் வாயில் படிந்துவிட்டது. முன்பெல்லாம் போகும்போது, "வரேன்க்கா" என்று காதோரம் சொல்வான். அதுவும் நின்றது.

கம்பெனியில் அவள் வயது எல்லோருக்கும் தெரியும். பேச்சு வெளியே கசியுமென்று மாமியார் அவளை வேலையை விடச் சொன்னாள். அவள் மறுத்தாள். மாமியார் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். அவன் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரியும் உட்கார்ந்திருந்தாள்.

"நாளையிலருந்து நீ போக வேணாம்."

"நீ யாரு அதச் சொல்ல? பதினாலு வயசுல உனக்காகத்தானே நான்..."

பளீரென்று கன்னத்தில் அறை விழுந்தது.

"அண்ணன் கண்டிச்சாத்தான் அடங்குதுங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கணவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சமையலறைக்குள் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் தம்பி பின்னால் வருகிறான் என்று நினைத்தாள்.

"நெஜமாவே அடிச்சிட்டியேடா தம்பி."

"அண்ணான்னு சொல்லு."

"இங்க யாருமே இல்லடா."

"இல்லன்னா என்ன? சொல்லு."

அவன் மறுபடி கையை ஓங்கினான். அவள் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லையென்று இன்னொரு தடவை சொல்ல வைத்தான்.

பிறகு கூடத்துக்கு வந்து, "வேலைக்குப் போக மாட்டா அத்தை. நான் பேசிட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.