பிப்ரவரி பதினொன்று

அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்த கழிவறையில் யாரும் உட்காரப் போவதில்லை. ஆனாலும் ரின்ஸ்கே உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். குறுக்கே கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சுவரில் ஆணியில் தொங்கிய பிறந்தநாள் காலண்டரின் ஏடுகளைத் தூக்கினாள். அக்டோபரைக் காட்டி வைத்திருந்தார்கள். அக்டோபரில் என்ன இருக்கிறது, ஒரு பாதிரியார் மனைவியும் இரண்டு அண்ணன் பிள்ளைகளும். அடுத்தவர் வீட்டுக் கழிவறையில் காலண்டரைப் புரட்டிப் பார்க்காமல் வெளியே வந்தவர்கள் ஹார்லிங்கன் ஊரிலேயே கிடையாது. யார் யாருக்கு வேண்டியவர் என்று வரவேற்பறையில் கேட்டால் மழுப்புவார்கள். இங்கே உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தேதிக்கு நேரே பெயர், பக்கத்தில் பிறந்த வருஷம். செத்துப்போனவர்களை அடித்துவிட மாட்டார்கள், பெயருக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிலுவை போட்டு விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு காலண்டர் ஆயுசுக்கும் வரும்.

இந்தக் காலண்டரின் சொந்தக்காரி அலீடா. ஊர்க் கோடியில் கல்லறைத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தபோது அவளுடைய சாமான்களை அண்ணன் பிள்ளைகள் அப்படியே அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மாடியில் அந்த வீட்டை ஆரஞ்சு நிறத் திரைச்சீலையோடு அச்சு அசலாக மறுபடி எடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஊரில் எல்லோரும் வந்து பார்த்து, 'அட, எங்க வீட்லயும் இதே காபி அரைக்கிற டப்பாதான்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வராமல் இருந்தவர்கள் ரின்ஸ்கேயும் அவள் கணவன் டௌவேயும்தான். அவள் கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு ஒரு வேலை இருக்கும். இன்று மழை பிடித்துக்கொண்டதால் தப்பிக்க வழியில்லாமல் வந்தான். வந்தவனும் முழங்கால் வலி என்று கீழே காபி மேசையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிப்ரவரி ஏட்டில் பதினொன்றாம் தேதிக்கு நேரே நீல மையில் எழுதியிருந்தது: 'சீட்ஸ்கே, டௌவே டைக்ஸ்ட்ராவின் மகள், 1971.'

சிலுவை இல்லை.

ரின்ஸ்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். டைக்ஸ்ட்ராக்கள் இந்த மாகாணத்தில் கொட்டிக் கிடக்கிறார்கள்தான். ஆனால் டௌவே டைக்ஸ்ட்ரா என்று இந்த ஊரில் இரண்டே பேர். ஒருவன் ரொட்டிக்கடைக்காரன், எழுபத்தொன்றில் அவனுக்கு ஆறு வயது. இன்னொருவன் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட அல்ல, ஒரு கணக்கு. எழுபத்தொன்று பிப்ரவரி. அந்த மாதம் ஒன்பதாம் தேதிதான் அவளுக்கு முதல் பிரசவம். குழந்தை அழவில்லை. துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு தாதி அறையைவிட்டுப் போனாள், அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை. 'உனக்குச் சின்ன வயசு, மறந்துடு' என்றார் டாக்டர். காய்ச்சலோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டௌவே தினமும் மாலையில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆக வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று ஒரு நாள் சொன்னான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் அப்படிக் கிடந்த அதே வாரத்தில், இரண்டே நாள் தள்ளி, அவனுக்கு இன்னொரு இடத்தில் ஒரு மகள் பிறந்திருக்கிறாள்.

அதைவிட, அந்தப் பெயர். சீட்ஸ்கே என்பது ரின்ஸ்கேயின் அம்மா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயரை வைப்பதுதான் அவர்கள் குடும்பங்களில் வழக்கம். எழுபத்து மூன்றில் மகள் பிறந்தபோது டௌவே ஒரேயடியாக மாட்டேன் என்று நின்றுவிட்டான். பழைய பெயராம். மொனிக் என்று வைத்தான், அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு மொனிக் இருந்தார்கள். அம்மா பாட்டுக்குப் பேத்தியின் தொட்டிலுக்குப் பின்னிக்கொண்டிருந்த போர்வையைப் பாதியில் நிறுத்திவிட்டாள். சாகும்வரை அந்தப் பிள்ளையை 'குட்டி' என்றாளே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. ஏன் மாட்டேன் என்றான் என்று நாற்பத்தாறு வருஷமாக ரின்ஸ்கேக்குப் பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டது. ஏற்கெனவே கொடுத்துவிட்ட பெயரை மறுபடி எப்படிக் கொடுப்பான்?

அலீடாவை அவள் நினைவுபடுத்திப் பார்த்தாள். தோட்டக்காரப் புருஷன் செத்த பிறகும் வீட்டைவிட்டுப் போகாமல், கல்லறைத் தோட்டத்துக் கதவுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மண்வெட்டி பிடித்தவள். செம்பட்டை முடி, ஆண்களைப் போல அகலமான நடை. துறைமுகத்துச் சாராயக்கடையில் அவளைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். எழுபத்தொன்றில் முப்பத்தைந்து வயது இருக்கும். டௌவே அப்போது தீவுக்குப் போகும் கப்பலில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தான். பனிக்காலத்தில், கால்வாய் உறைந்திருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பனி விழாத வருஷத்திலும் போய்க்கொண்டுதான் இருந்தான்.

செங்குத்தான படிகளில், ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாகவே இறங்கினாள். கீழே நுழைவுச்சீட்டு மேசையில் ஹெட்டி இருந்தாள். தேவாலயப் பாட்டுக் குழுவில் இவளுக்குப் பக்கத்து நாற்காலி. ஓய்வுபெற்றதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இங்கே சம்பளமில்லாத வேலை, வருகிறவர்கள் எதையாவது தொடுகிறார்களா என்று பார்ப்பதுதான் அவளுக்குப் பிடித்த பகுதி.

"என்னடி, மூஞ்சி வெளிறிப்போய்க் கெடக்கு? படி ஏறினதா?"

"அலீடாவுக்குப் பிள்ளை இருந்துச்சா?"

"அவளுக்கா? இருந்தா இந்தச் சாமானெல்லாம் இங்க எதுக்கு வருது?"

"யாருக்கும் தெரியாமப் பெத்து, எங்கயாவது குடுத்திருந்தா?"

ஹெட்டி பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாம இந்த ஊர்ல பிள்ளை பெத்துர முடியுமா? என்ன பேசற நீ?" பிறகு காபி மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. சொல்லலாமா கூடாதான்னு தெரியல. மாடியில வீடு வைக்கறப்ப உன் ஆளு ரெண்டு தடவை வந்தான். அந்தக் கக்கூஸ் காலண்டரை மட்டும் குடுத்துடுங்கன்னான். எண் போட்டு ஏத்தியாச்சு, தர முடியாதுன்னுட்டோம். ஒரு மனுஷன் போயும் போயும் அதைக் கேப்பானா? நீ அனுப்பிவிட்டதா நெனச்சேன்."

"ஆமா, நான்தான் கேக்கச் சொன்னேன்," என்றாள் ரின்ஸ்கே. ஹெட்டியிடம் விட்டுக்கொடுக்க முடியுமா? ஆனால் காது மடல் இரண்டும் கொதித்தது.

டௌவே ஜன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிள் கேக்கின் கடைசித் துண்டை முள்கரண்டியால் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தான். எழுபத்தொன்பது வயது. காதில் கருவி, கழுத்தில் அவள் பின்னிய சாம்பல் நிறத் துண்டு. இந்த ஆள் என்று நினைத்தாள். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் பக்கத்தில் படுத்த ஆள்.

"மேல வா."

"முழங்கால் வலிக்குது, ரின்ஸ்கே."

"காலண்டர் கேட்டு ரெண்டு தடவை வந்தியே, அப்ப வலிக்கலையா?"

அவன் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். படியில் அவள் முன்னால் போனாள். பின்னால் அவன் ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி ஏறுவது கேட்டும் திரும்பவில்லை. அலீடாவின் சமையலறையைத் தாண்டி அந்தச் சின்ன அறைக்கு முன்னால் இருவரும் வந்து நின்றார்கள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"யாரு அது?" என்றாள் ரின்ஸ்கே. "எங்க இருக்கா? நாப்பத்தெட்டு வயசு ஆகியிருக்குமே. புருஷன், பிள்ளைங்க இருக்கா? மொனிக்குக்குத் தெரியுமா? இல்ல, எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

அவன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா பேரை எடுத்து எவ பிள்ளைக்கோ வெச்சுட்டு, எங்கம்மா மூஞ்சியப் பாத்துப் பழைய பேருன்னு சொன்னியே. எங்கம்மா அந்தப் போர்வையைக்கூட முடிக்காமச் செத்தா, டௌவே."

"எவ பிள்ளையும் இல்ல," என்றான் டௌவே. "உன் பிள்ளைதான்."

"என் பிள்ளை ஒன்பதாந்தேதி." உடனே சொல்லிவிட்டாள். பொய்யைப் பிடித்துவிட்ட வேகம். "ஒன்பதாந்தேதி, காலையில நாலே கால். பதினொண்ணு இல்ல."

"பதினொண்ணு, நான் அலீடாகிட்ட கொண்டுபோன நாள். இவ பாத்த நாளைத்தான் இவ எழுதினா. தேதி தப்புன்னு பெறவு சொன்னேன். நீல மையை அழிக்க முடியாதுன்னுட்டா."

ரின்ஸ்கே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நின்றபடியே, காலண்டரைப் பார்த்தபடியே சொன்னான். ஆஸ்பத்திரியில் ஒரு மரப்பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் இல்லாததால் பாதிரியார் வர மாட்டார், வேலியோரம் புதைத்துவிடலாம், பெயர் எழுத வேண்டாம், மனைவியிடம் பேச வேண்டாம் என்றார்கள். சைக்கிளில் பின்னால் வைத்துக் கட்ட மனசு வராமல் ஊர் முழுக்க நடந்தே போனான். உதவிக்கு யாரும் இல்லை, அலீடாதான் குழி வெட்டினாள். மண்ணை மூடி முடித்துவிட்டு அவனைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டாள்.

"பேரு என்னன்னா. எல்லாரும் பேரு வேணாம்னாங்களேன்னேன். பிள்ளைன்னு ஒண்ணு வந்தா பேரு இல்லாம எப்படின்னா. உங்கம்மா பேர்தான வெச்சிருப்போம், அதைச் சொன்னேன். ரஸ்க்குல வெண்ணெய் தடவி, ரோஸ் கலர் சோம்பு மிட்டாய் தூவி ஒரு தட்டுல வெச்சுக் குடுத்தா. வாழ்த்துகள்னு கைகுடுத்தா."

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற ரஸ்க் அது. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ். எழுபத்தொன்று பிப்ரவரியில் ரின்ஸ்கேயின் அலமாரியில் இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு பொட்டலம் தயாராக இருந்தது. அவள் வீடு திரும்பியபோது யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். பசிச்சுது ரின்ஸ்கே, ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடல. பெறவு ஒவ்வொரு வருஷமும் போவேன். ஒரு ரஸ்க் குடுப்பா. இன்னைக்கு எத்தனை வயசுன்னு சொல்லுவா. அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான். சிலுவை போடாதேன்னு நான்தான் சொன்னேன்."

எதை நம்புவது என்று ரின்ஸ்கே குழம்பவில்லை, ஒவ்வொரு சொல்லையும் நம்பினாள். நம்பியதால்தான் இன்னும் எரிந்தது. இன்னொரு பெண்ணோடு படுத்திருந்தால் காரித்துப்பிவிட்டுப் போகலாம். அவளுடைய மகளுக்கு வந்த வாழ்த்தை நாற்பத்தாறு வருஷம் அவன் ஒருவனாகப் போய் வாங்கித் தின்றிருக்கிறான்.

"என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?"

"நீ கேக்கவே இல்லையே. மறந்துட்டேன்னு நெனச்சேன். மறந்திருந்தா எதுக்குக் கிளறணும்னு."

"நீ மறந்துட்டேன்னு நான் நெனச்சேன்," என்றாள் ரின்ஸ்கே.

கீழேயிருந்து ஹெட்டி குரல் கொடுத்தாள். "அஞ்சு ஆகப்போகுது, கதவைப் பூட்டணும்! மேல எதையும் தொடாதீங்க!"

"பெட்டியைத் திறந்து பாத்தியா?" ரின்ஸ்கே கேட்டாள்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"எனக்கு யாரும் காட்டல, டௌவே. துணியைத்தான் பாத்தேன். எவ்வளவு பெருசா இருந்தா?"

டௌவே தொப்பியை அலீடாவின் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் வைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராகத் தூக்கி, கொஞ்சம் விரித்து, ஏதோ யோசித்து, இன்னும் ஒரு விரல் அளவு விலக்கி நிறுத்தினான். அதன்பிறகு அந்த இடைவெளி மாறவில்லை. ரின்ஸ்கே சட்டைக் கையை மடித்து, தன் முன்கையை அதற்குள் நீட்டினாள். முழங்கை அவனது இடது உள்ளங்கையைத் தொட்டது. விரல் நுனிக்கும் அவன் வலது உள்ளங்கைக்கும் நடுவே இன்னும் மூன்று விரல் இடம் மிச்சம் இருந்தது. இவ்வளவு பெரிய பிள்ளை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

கீழே ஹெட்டி ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்தாள். அவன் கையைக் கீழே போடவில்லை. அவளும் எடுக்கவில்லை.