அன்னம் வாங்கிக்கொள்ளும்

"புகைப்படம் 1839இல் பாரிசில் பிறந்தது. நூறு வருஷம் தவழ்ந்தது. இந்த 1939இல், பூந்தமல்லிக்குப் பக்கத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது."

ஓவியப் பேராசிரியர் ராஜசேகரன் இதை வகுப்பில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மதிப்பெண் அவர் கையில் இருந்தது.

உள்ளதை உள்ளபடி எடுப்பவனே கலைஞன் என்பது அவர் கொள்கை. பூந்தமல்லிக் கடைத்தெருவில் தகரக் கொட்டகை போட்டுப் படம் பிடிக்கும் ஜம்புலிங்கம் கலைஞன் இல்லை. அவனுடைய திரையில் ஓர் அரண்மனை, ஒரு குளம், குளத்தில் ஆட்டுக்கடா அளவுக்கு ஓர் அன்னம். அதன் முன்னால் நிற்பதற்குக் குத்தம்பாக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த அன்னத்தைத் திட்டுவதற்கென்றே பேராசிரியர் புகைப்பட வரலாற்றில் ஒரு வாரம் ஒதுக்கினார். சாயங்காலமானால் கொட்டகைக்கு எதிரே நின்று வெற்றிலை போட்டார். அவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

புகைப்பட நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு படம்தான் போகும் என்றார் பிரின்சிபால். "உங்கள் கொள்கைப்படி, வயலில் பெண்கள் நடுகிற நடவுப் படம் ஒன்று கொடுங்கள். இல்லாவிட்டால் ஜம்புலிங்கம் எடுத்த என் மனைவி படத்தை அனுப்பிவிடுகிறேன்." அதில் அம்மாள் அன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாளே மாணவர்கள் நாங்கள் முக்காலியைச் சுமக்க, நூம்பல் கிராமத்து வயலுக்குப் போனோம். காமிராவைக் கண்டதும் நடவுப் பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் இங்கே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு வேலையைப் பாருங்கம்மா" என்றார் பேராசிரியர்.

"இல்லாதவரு இன்னாத்துக்கு வரப்ப மிதிச்சுகினு கீறீங்க?" என்றாள், அவர்களில் மூத்தவளான சொர்ணம். "படம் புடிச்சா ஆயுசு கொறையும், வாத்தியாரய்யா."

"ஜம்புலிங்கத்துக்கிட்ட மட்டும் எடுத்துக்கிட்டீங்களே?"

"அங்க அன்னம் கீது. கொறையற ஆயுச அது வாங்கிக்கும். போய்ப் பாருங்க, வெளுத்துகினே வருது. எங்களுக்கு ஒண்ணும் ஆவல."

ஜம்புலிங்கத்திடம் திரையை இரவல் கேட்பதைவிடப் பாரிசுக்கு நடந்தே போகலாம் என்றார் பேராசிரியர். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு துணிச் சுருளோடு வந்தார். வரப்பில் நிறுத்தினோம். அன்னம். இறகு இறகாக, நிழலோடு.

சொர்ணம் சேற்றுக் கையை இடுப்பில் ஊன்றிப் பார்த்தாள்.

"இது வாத்து, வாத்தியாரய்யா."

"அன்னம்தாம்மா."

"ஜம்புலிங்கம் அண்ணாத்தே எழுதினதுக்குக் கழுத்து வளைஞ்சி கீது. வாயில தாமரப்பூ வேற. இது ஏரியில மேயற வாத்து. இதுக்கே ஆயுசு இல்ல, எங்கள்த எங்க வாங்கிக்கும்?"

பேராசிரியர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஆகாயத்தைப் பார்த்தோம். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் மண்டியிட்டு, வர்ணப் பெட்டியைத் திறந்தார்.

"கழுத்து எம்மாம் நீளம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

சொர்ணம் கையை வளைத்துக் காட்டினாள். அப்படியே நீட்டினார். தாமரையையும் போட்டார், ஜம்புலிங்கத்தினுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே.