கழுவிய சோற்றுப்பெட்டி

சிக்குஹோ நிலக்கரிச் சுரங்கத்தில் செய்கிச்சியை எல்லாரும் 'அம்மணி' என்றுதான் கூப்பிட்டார்கள். நாடகக் கம்பெனியில் பாதி ஆயுசு பெண் வேஷம் கட்டியவன். சினிமா வந்து கம்பெனியைத் தின்றது. அவன் கரித்தொட்டி தள்ள வந்தான். மாதம் ஒருமுறை பொதுக்குளியல் கூடத்து மாடியில் ஹைக்கூக் கூட்டம். கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தவறாமல் போவான். அவன் பாட்டு ஒன்றும் தேறவில்லை.

"உன் எழுத்துல இன்னும் பவுடர் நாத்தம் போகலப்பா," என்பார் கூட்டத்தை நடத்தும் குராதா.

தேறிய பாட்டு தொழிற்சங்கப் பத்திரிகையில் வரும். ஒன்றாவது அச்சேறினால் வேஷக்காரன் என்கிற பேர் கழன்றுவிடும் என்று செய்கிச்சி நம்பியிருந்தான்.

அன்றைக்கும் அவரவர் பாட்டெழுதிய பெயரில்லாச் சீட்டுகளைக் கலக்கிச் சுற்றுக்கு விட்டார்கள். பிடித்தது என்று பாதிப்பேர் ஒரே பாட்டைப் பொறுக்கியிருந்தார்கள். கரி பொறுக்கும் பெண் தோமியேயும்தான். குராதா வாசித்தார்.

கழுவிய சோற்றுப்பெட்டி
மறுபடி கழுவுகிறேன்
கூதல் மழை

தோமியேயின் புருஷன் அறுப்புக் காலத்தில்தான் சுரங்கக் கூரை சரிந்து செத்திருந்தான். பாட்டை வாசித்ததும் எழுதியவர் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், அது முறை. எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"என்னுது இல்ல," என்றாள்.

குராதா மறுபடி வாசித்தார். தொழிலாளர் வரிசை வீட்டில் செய்கிச்சிக்கும் தோமியேக்கும் ஒரே குழாய். விடியலில் அவள் காலிப் பெட்டியைத் தேய்த்ததைக் கதவிடுக்கில் பார்த்துத்தான் எழுதியிருந்தான்.

"செய்கிச்சி." மேடைக் குரல் வரவில்லை. கம்மிப்போய்த்தான் வந்தது.

"செத்தவன் சோத்துப்பெட்டியிலயும் வேஷம் கட்டிட்டியா அம்மணி?" என்றான் சுரங்கக் கூரைக்கு முட்டுமரம் நடும் ஒகுமா. "அப்படியே அழுதும் காட்டு, காசு போடுறோம்."

"சும்மா இருங்கண்ணே." தோமியே செய்கிச்சி பக்கம் திரும்பினாள். "குழாயடியிலயா பாத்தீங்க?"

"ஆமா."

"யாரும் பாக்கலன்னு நெனச்சேன்." பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய்யா ஒண்ணும் எழுதல. ஆனா அச்சுல வேணாம். அதைப் படிச்சுட்டு நாலு பேர் என் மூஞ்சியப் பாக்க வேணாம்."

"நல்ல பாட்டுப்பா," என்றார் குராதா அவனிடம். "நீதான் சொல்லணும்."

எத்தனையோ பெண்களின் அழுகையை மேடையில் அழுதவன் அவன். ஒருத்தியும் எழுந்து வந்து வேண்டாம் என்று கேட்டதில்லை.

"எடுத்துடுங்க," என்றான்.

குராதா சீட்டைத் தோமியேயிடம் நீட்டினார். அவள் மடித்து இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டாள். அடுத்த சீட்டு வாசிக்கப்பட்டது. எழுதிய ஒகுமா தன் பெயரைச் சொன்னான், மெதுவாக.